ஓய்வை உரிமையாக்கிய அண்ணல்

உழைப்பின் பெருமையைப் போற்றாத நாடில்லை, நூலில்லை. ஆயினும் உழைப்பவனுக்கு ஓய்வு வேண்டும் என்பதையும், அவ்வோய்வு முதலாளி மனமிரங்கி அளிக்கும் கொடையன்று, உழைத்தவன் தன் உழைப்பால் ஈட்டிக்கொண்ட உரிமையே என்பதையும் உலகம் ஒப்புக்கொள்ள நெடுங்காலம் சென்றது. நம் நாட்டில் அவ்வுரிமை சட்டத்தின் ஏட்டில் ஏறிய வரலாற்றோடு பிரிக்கமுடியாதபடி இணைந்து நிற்கும் பெயர் டாக்டர் பீமராவ் அம்பேத்கர் என்பதாகும்.

அண்ணலை அரசியலமைப்புச் சட்டத்தின் சிற்பி என நாம் அறிவோம். தீண்டாமையை எதிர்த்துப் போராடிய தலைவர் என அறிவோம். ஆனால் ஒரு தொழிலாளி தன் குழந்தை நோயுற்ற நாளில் வேலைக்குச் செல்லாதிருந்தும் மறுநாள் தன் இடம் பறிபோகாமல் திரும்பிவர வேண்டும் என்பதற்காகவும் அவர் பாடுபட்டார் என்பதை நம்மில் பலர் அறியார். வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் இளைஞர்களும் உறுப்பினர்களும் அறிந்துகொள்ள வேண்டிய பகுதி இது. நம்மில் பெரும்பாலோர் பிறரிடம் ஊதியம் பெற்று உழைப்பவர்கள். சிலர் இன்று சொந்தமாகச் சிறு கடைகளும் அச்சகங்களும் பட்டறைகளும் வைத்து, நான்கைந்து பேருக்கு வேலை கொடுக்கும் நிலைக்கு உயர்ந்திருக்கிறார்கள். இவ்விரு திறத்தாருக்கும் அண்ணலின் வாழ்க்கையில் பாடம் உண்டு.

விடுப்பறியாத ஊழியம்

அண்ணல் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மத்திய இந்தியாவில் மாவ் என்னும் படைநகரில் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால், தாயார் பீமாபாய். குடும்பத்தின் பூர்வீக ஊர் இரத்தினகிரி மாவட்டத்து அம்பாவடே. அவர் பிறந்த மகார் சமூகத்தார் மராட்டிய நாட்டுச் சிற்றூர்களில் ஆற்றிவந்த ஊழியம் எத்தகையது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். அதை அறியாதார்க்கு அண்ணலின் பிற்காலச் செயல்கள் முழுமையாக விளங்கமாட்டா.

அவ்வூழியத்திற்கு வதன் என்று பெயர். நம் பக்கத்து வெட்டி ஊழியத்தை ஒத்தது. ஊர்ப் பொதுவேலை, அரசாங்க வேலை அனைத்தும் மகார்கள் தலைமேல் விழுந்தன. வரிப்பணத்தைத் தாலுகா தலைநகருக்குச் சுமந்து செல்லுதல், எல்லையைக் காத்தல், ஊருக்கு வரும் அதிகாரிகளுக்கு ஏவல் செய்தல், அவர்தம் மூட்டை முடிச்சுகளைத் தூக்குதல், சாவுச் செய்தி சொல்லுதல், செத்த மாட்டை அப்புறப்படுத்துதல் என அவ்வேலைகளுக்கு முடிவே இல்லை. கைம்மாறாகக் கிடைத்தவை ஒரு துண்டு மானிய நிலமும், ஊரார் அளக்கும் சிறிது தானியமும், சில இடங்களில் சொற்பத் தொகையுமே ஆகும்.

கூலி குறைவு என்பது இதில் ஒரு கொடுமை மட்டுமே. அதனினும் பெரிய கொடுமை, அந்த வேலைக்கு நேரம் என்பதே இல்லாமையாகும். இரவானாலும் பகலானாலும் கூப்பிட்ட குரலுக்கு ஓடவேண்டும். முறைக்குரியவன் நோயில் கிடந்தாலோ வெளியூர் சென்றிருந்தாலோ அவன் தந்தையோ மகனோ குடும்பத்தில் வேறொருவரோ அவ்விடத்தில் நின்றாகவேண்டும். அதாவது, ஒருவன் மட்டுமல்லன், அவன் குடும்பம் முழுவதுமே விடுப்பில்லாத பணியில் பூட்டப்பட்டிருந்தது. தன் நாள் தனக்குச் சொந்தமில்லாதவன் எங்ஙனம் கல்வி கற்பான்? எங்ஙனம் வேறு தொழில் தேடுவான்?

இந்தப் பூட்டிலிருந்து அண்ணலின் குடும்பம் தப்பியது படைவேலையினால்தான். பாட்டனாரும் தந்தையாரும் பிரிட்டிஷ் இந்தியப் படையில் சேர்ந்தனர். அங்கே பணிக்கு விதி இருந்தது. விடுப்புக்கும் முறை இருந்தது. வேலையை விட்டபின் ஓய்வூதியமும் இருந்தது. ராம்ஜி படைப் பள்ளியில் தலைமையாசிரியராகப் பணிபுரிந்து, சுபேதார் பதவியோடு ஓய்வு பெற்றார். விதிகளோடு கூடிய வேலை ஒரு குடும்பத்தைத் தலைநிமிரச் செய்யும் என்பதற்கு அண்ணலின் இல்லமே சான்றாயிற்று.

கற்ற காலமும் கடந்த துன்பமும்

ஓய்வு பெற்ற தந்தையார் குடும்பத்துடன் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பரேல் பகுதியில் ஒற்றை அறையில் குடியேறினார். சமையலும் படுக்கையும் படிப்பும் அந்த ஓர் அறைக்குள்தான். பிறர் உறங்கிய பின்னிரவு நேரமே பீமராவுக்குப் படிக்கக் கிடைத்த நேரம். விடியுமுன் ஆலைச் சங்கு ஊதுவதையும், அரைத் தூக்கத்தோடு ஆண்களும் பெண்களும் விரைந்து ஓடுவதையும் அவர் இளமையிலேயே கண்டார். 1907இல் மெட்ரிக்குலேஷன் தேறினார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையால் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1912இல் பட்டம் பெற்றார்.

1913 ஜனவரியில் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். சேர்ந்த சில நாட்களிலேயே தந்தை நோய்ப்படுக்கையில் இருப்பதாகத் தந்தி வந்தது. உடனே புறப்பட்டு ஓடினார். பிப்ரவரி 2ஆம் நாள் தந்தையார் உயிர் பிரிந்தது. புதிதாகப் பணியேற்றவன், அவசரத்துக்கு வீடு திரும்ப வேண்டிய நிலை எத்தகையது என்பதை அவர் சொந்த வாழ்விலேயே உணர்ந்தார்.

அவ்வாண்டிலேயே மேற்படிப்புக்கு அமெரிக்கா செல்ல மன்னர் உதவினார். படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணிபுரிய வேண்டும் என்பது உடன்படிக்கை. நியூயார்க்கில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்று 1915இல் முதுகலைப் பட்டம் பெற்றார். 1916இல் இலண்டன் சென்று பொருளாதாரப் பள்ளியிலும் வழக்கறிஞர் கல்வி நிலையத்திலும் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் பாதியில் திரும்ப நேர்ந்தது. ஆயினும் நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பிவந்து படிப்பைத் தொடரலாம் என்ற அனுமதியை இலண்டன் பல்கலைக்கழகத்திடம் பெற்றுக்கொண்டே கப்பலேறினார்.

பரோடாவில் அவருக்கு நேர்ந்தவை நாடறிந்தவை. கடைநிலை ஊழியரும் கோப்புகளைக் கையில் கொடாது வீசி எறிந்தனர். தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டார். பணியை விட்டுப் பம்பாய் திரும்பினார். 1918இல் சிடனம் கல்லூரியில் பேராசிரியரானார். ஊதியத்தில் சேமித்த பணம், கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவி, நண்பர் ஒருவரின் கடன் ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டு, பணியையும் துறந்து, குறித்த நான்காண்டுக் கெடுவுக்குள் 1920இல் மீண்டும் இலண்டன் சேர்ந்தார். வழக்கறிஞர் தகுதி பெற்று 1923இல் நாடு திரும்பினார். அவ்வாண்டிலேயே அறிவியல் முனைவர் பட்டமும் அவருக்குக் கிடைத்தது. விடுப்பும் பண உதவியும் எளிதாகக் கிடைத்த செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தொடர்ந்து படித்து முடிக்கும் கல்வியை, அவர் இடையில் அறுந்து அறுந்து பத்தாண்டுகளில் முடிக்க வேண்டியதாயிற்று.

அந்நாட்களில் அம்மையார் ரமாபாய் பம்பாயில் வறுமையோடு போராடிக் குடும்பத்தைக் காத்தார். அவர்கள் ஈன்ற ஐந்து குழந்தைகளில் நால்வர் இளமையிலேயே மறைந்தனர். கடைசிப் பிள்ளை இராஜரத்னா 1926இல் இறந்தபோது அண்ணல் நிலைகுலைந்து போனார். ஏழைத் தாய்மாரின் துயரத்தைப் பற்றி அவர் சட்டமன்றத்தில் வாதிட்டபோது, அது ஏட்டில் கண்ட துயரமன்று. தம் வீட்டில் கண்ட துயரமேயாகும்.

சட்டமன்றத்தில் முதற்குரல்

1927 முதல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அண்ணல் உறுப்பினராக விளங்கினார். 1928 மார்ச்சில் வதன் முறையைத் திருத்தும் மசோதாவைக் கொண்டுவந்தார். ஊழியத்தை விட விரும்புவோர் விடலாம், நிலத்துக்கு முழுவரி செலுத்தி அதனை உரிமையாக வைத்துக்கொள்ளலாம், ஊழியத்தின் அளவும் கடமையும் வரையறுக்கப்பட வேண்டும் என்பன அதன் நோக்கங்கள். அரசாங்கத் தரப்பு எதிர்த்தது. 1929இல் மசோதாவைத் திரும்பப் பெற நேர்ந்தது. ஆனால் விதை ஊன்றப்பட்டுவிட்டது. அண்ணல் மறைந்தபின், 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் பம்பாய் மாநிலத்தில் அவ்வூழியம் ஒழிந்தது.

அதே 1928இல் ஆலைகளில் உழைக்கும் பெண்களுக்குப் பேறுகால உதவி அளிக்கும் மசோதா பம்பாய்ச் சட்டமன்றத்துக்கு வந்தது. இதனால் ஆலைகள் நட்டமடையும் என்று எதிர்த்தோர் வாதிட்டனர். அண்ணல் மசோதாவைத் தாங்கிப் பேசினார். பிள்ளைப்பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு வேண்டும் என்பது நாட்டின் நலனுக்கே உரியது என்றார். ஆகவே அச்செலவில் பெரும்பகுதியை அரசு ஏற்பதே முறை. எனினும் பெண்களை வேலைக்கு வைத்துக்கொள்வதால் ஆதாயம் அடையும் முதலாளியும் ஒரு பங்கை ஏற்றல் நியாயமே என்பது அவர் வாதம். விடுப்புக்கு ஆகும் செலவை யார் தாங்குவது என்ற வினாவுக்கு இவ்வளவு தெளிவாக விடை கூறியோர் அந்நாளில் மிகச் சிலரே. 1929இல் அது சட்டமாயிற்று. இந்தியாவில் பேறுகால உதவிக்கு இயற்றப்பட்ட முதற்சட்டம் அதுவே.

1936இல் அண்ணல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தோற்றுவித்தார். வேலை நேரத்துக்கு வரம்பு, போதிய ஊதியம், ஊதியத்துடன் கூடிய விடுப்பு ஆகியவற்றுக்குச் சட்டம் செய்வதாக அக்கட்சியின் அறிக்கை உறுதி கூறியது. அந்த 1936ஆம் ஆண்டில்தான் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, ஓராண்டு பணிபுரிந்த தொழிலாளிக்குக் குறைந்தது 6 வேலை நாட்கள் ஊதியத்துடன் விடுமுறை வேண்டும் என ஓர் ஒப்பந்தம் நிறைவேற்றியது. உலக அரங்கில் எழுந்த கோரிக்கையை, இங்கே ஒரு புதிய கட்சி அதே காலத்தில் ஏழைகளிடம் கொண்டு சென்றது.

1938இல் வேலைநிறுத்த உரிமையைக் கட்டுப்படுத்தும் தொழில் தகராறு மசோதாவைப் பம்பாய் அரசு கொண்டுவந்தபோது, அண்ணல் அதை வன்மையாக எதிர்த்தார். விருப்பமில்லாதவனைச் சட்டத்தால் வற்புறுத்தி வேலை வாங்குவது அடிமைத்தனத்துக்கு ஒப்பாகும் என்பது அவர் கருத்து. நவம்பர் 7ஆம் நாள் நடந்த ஒருநாள் வேலைநிறுத்தத்துக்குப் பிற தொழிற்சங்கத்தாருடன் சேர்ந்து தலைமை தாங்கினார். வதன் ஊழியத்தின் கொடுமையை அறிந்தவர் ஆலைத் தொழிலாளியின் கட்டாய உழைப்பையும் அதே கண்கொண்டு நோக்கினார்.

ஆலைத் தொழிலாளியின் நிலை

அந்நாளைய ஆலைத் தொழிலாளிக்கு விடுப்பு என்றால் என்ன பொருள் என்பதை இங்கே விளக்குதல் நலம். வாரத்தில் ஒருநாள் ஓய்வுகூடப் போராடிப் பெற்றதே. ஜோதிராவ் பூலேயின் தோழர் நாராயண் மேகாஜி லோகண்டேயின் பெருமுயற்சியால் 1890இல்தான் பம்பாய் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினர். ஆண்டு விடுப்போ வழக்கத்திலேயே இல்லை.

ஆலையில் உழைத்தோர் பெரும்பாலும் கிராமத்தினர். அறுவடைக்கோ திருமணத்துக்கோ சாவுக்கோ ஊருக்குச் சென்றே ஆகவேண்டும். சென்ற நாட்களுக்குக் கூலி இல்லை. அதுமட்டுமா? திரும்பிவரும்போது அவன் இடத்தில் பதிலாள் நின்றுகொண்டிருப்பான். இழந்த இடத்தைப் பெற மேஸ்திரியின் கையைக் கவனிக்க வேண்டும். இந்த இழிநிலையை 1931இல் வெளிவந்த விட்லி கமிஷன் அறிக்கை எடுத்துக்காட்டியது. முறையாக விண்ணப்பித்து விடுப்பில் செல்பவனுக்குப் பழைய வேலைக்கே திரும்பலாம் என்ற உறுதி அளிக்கப்பட வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. ஆனால் பரிந்துரை சட்டமாகவில்லை. விடுப்பு, மேஸ்திரியின் சட்டைப்பையிலேயே இருந்துவந்தது.

சட்டமான உரிமை

1942 ஜூலையில் அண்ணல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்றார். ஆகஸ்ட் 7ஆம் நாளிலேயே டில்லியில் அரசு, முதலாளி, தொழிலாளி ஆகிய முத்தரப்பினரும் கூடிய மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். அம்மாநாட்டையும் அதன் நிலைக்குழுவையும் நிலையான அமைப்புகளாக்க அங்கு முடிவு செய்யப்பட்டது. தொழிலாளியின் பிரதிநிதி முதலாளிக்கு நிகராக அமர்ந்து பேசும் வழக்கம் இதனால் வேரூன்றியது.

1944 நவம்பரில் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி ஊதியத்துடன் கூடிய விடுமுறை வழங்கும் மசோதாவை மத்திய சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். அது 1945இல் சட்டமாகி, 1946 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டு முழுவதும் இயங்கும் தொழிற்சாலையில் 12 மாதம் தொடர்ந்து பணிபுரிந்த வயதுவந்த தொழிலாளிக்கு 10 நாளும், சிறார்க்கு 14 நாளும் ஊதியத்தோடு விடுமுறை உண்டு என்பது அதன் சாரம்.

பத்து நாள்தானே என்று எண்ணற்க. அச்சட்டத்தின் உட்பொருளை நோக்குதல் வேண்டும். நோயினாலோ விபத்தினாலோ அனுமதி பெற்ற விடுப்பினாலோ குறித்த அளவுக்குள் நேரும் இடைவெளி, தொடர்பணியைக் குலைக்காது என அது வகுத்தது. முன்பு ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தவன் புதிய ஆளாகவே மீண்டும் சேர்க்கப்பட்டான். இப்போது அவன் பழைய தொழிலாளியே. விடுப்புக்கு உரியவனை அதனை அளிக்குமுன் வேலையிலிருந்து நீக்கினால், அந்நாட்களுக்கு ஊதியம் கொடுத்தாகவேண்டும். கேட்டும் மறுக்கப்பட்டு அவனே விலகிச் சென்றாலும் அவ்வாறே. இதனால் விடுப்பு என்பது தேய்ந்து மறையும் சலுகை என்ற நிலை மாறி, கூலியைப் போலவே கணக்கில் நிற்கும் கடனாயிற்று. மேஸ்திரியின் சட்டைப்பையில் இருந்தது பதிவேட்டுக்கு வந்துசேர்ந்தது.

1946இல் அவர் துறையின் முயற்சியால் மேலும் இரு சட்டங்கள் நிறைவேறின. வாரத்துக்கு 54 மணியாக இருந்த வேலை நேரத்தை ஒன்று 48 மணியாகக் குறைத்தது. மற்றொன்று நிலையாணைகள் சட்டம். 100 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் தொழில் நிலையங்களில் வேலை விதிகளை எழுத்தில் வகுத்து அதிகாரியின் சான்று பெறவேண்டும் என அது ஆணையிட்டது. விடுப்புக்கு எவ்வாறு விண்ணப்பிப்பது, அதனை அளிக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பனவும் அவ்விதிகளுள் அடங்கும். எழுதப்படாத விதி வலியவனுக்கே பயன்படும் என்பதை அண்ணலைவிட நன்கு அறிந்தவர் யார்?

அவருடைய பொறுப்புக் காலத்தில் குறைகூறப்பட்ட செயலும் ஒன்று உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. போர்க்காலத்து நிலக்கரித் தட்டுப்பாட்டால், சுரங்கத்தின் அடியில் பெண்கள் வேலை செய்வதற்கு இருந்த தடையை அரசு 1943இல் நீக்கியது. தொழிலாளர் நலத்தில் கருத்துடையோர் பலரும் இதனைக் கண்டித்தனர். போர் நெருக்கடியில் எடுத்த தற்காலிக முடிவு என்று அண்ணல் சட்டமன்றத்தில் விளக்கினார். அதே 1943இன் இறுதியில் தன்பாத் பகுதிச் சுரங்கத்துக்குள் தாமே இறங்கித் தொழிலாளரின் நிலையை நேரில் கண்டார். சுரங்கப் பெண்களின் பேறுகால உதவிச் சட்டம் 1943இலும் 1945இலும் திருத்தப்பட்டது. சுரங்கத்தின் அடியில் உழைத்த பெண்களுக்குக் கூடுதல் ஓய்வுக்காலம் கிடைத்தது. 1946இன் தொடக்கத்தில் தடை மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

நேரத்தைக் கல்வியாக்கியவர்

தொழிலாளிக்கு ஓய்வு எதற்கு? உறங்கிக் கழிப்பதற்கு மட்டுமன்று. அண்ணல் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946 ஜூனில் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி திறக்கப்பட்டது. பகலில் அலுவலகத்திலும் ஆலையிலும் உழைக்கும் ஏழை இளைஞர்கள் வேலையை விடாமலே பட்டம் பெறவேண்டும் என்று அங்கே காலையில் வகுப்புகள் நடத்தப்பட்டன. நேரம் கிடைத்தால் ஏழையும் கற்பான் என்பதற்கு அக்கல்லூரி எடுத்துக்காட்டாக விளங்கியது. கல்விக் கழகம் நடத்தும் நாம் இதனை நெஞ்சில் பொறித்தல் வேண்டும்.

1947இல் விடுதலை இந்தியாவின் முதல் சட்ட அமைச்சராகவும், அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவராகவும் ஆனார். அரசியலமைப்பின் 23ஆவது விதி கட்டாய ஊழியத்தைத் தடைசெய்தது. 42ஆவது விதி மனிதத் தன்மையுள்ள வேலை நிலைமைகளுக்கும் பேறுகால உதவிக்கும் அரசு வழிசெய்யப் பணித்தது. 43ஆவது விதி வாழ்வதற்கேற்ற ஊதியத்தோடு ஓய்வுநேரத்தின் முழுப் பயனும் தொழிலாளிக்குக் கிட்ட அரசு முயலவேண்டும் என்றது. ஊர்ச்சாவடியில் இரவும் பகலும் காத்துக்கிடந்த ஒரு சமூகத்தின் மகன் தலைமை தாங்கிய குழு வகுத்தளித்த நூலில் இவ்விதிகள் இடம்பெற்றன என்பதை எண்ணுந்தோறும் உள்ளம் பூரிக்கின்றது.

பிறருக்கு ஓய்வை ஈட்டித்தந்த அண்ணலோ தமக்கென ஓய்வு கொண்டாரல்லர். நீரிழிவும் நரம்பு வலியும் வாட்டியபோதும் இரவெல்லாம் எழுதினார். 1951இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். டிசம்பர் 5ஆம் நாள் இரவிலும் தம் நூலுக்கான முன்னுரையைத் திருத்திக்கொண்டிருந்தவர், மறுநாள் விடியுமுன் டில்லியில் தம் இல்லத்தில் உறக்கத்திலேயே மறைந்தார்.

நம் கடமை

அண்ணல் தொடங்கிவைத்த பணி அவரோடு நின்றுவிடவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒருநாள் ஊதிய விடுப்பு என்ற கணக்கைக் கொண்டுவந்தது. பேறுகால உதவிச் சட்டம் 1961இல் நாடு முழுமைக்கும் இயற்றப்பட்டது. 12 வாரமாக இருந்த விடுப்பு, முதலிரு பேறுகளுக்கு 2017இல் 26 வாரமாக உயர்ந்தது. ஆனால் தொழிற்சாலைச் சட்டங்கள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் உள்ள இடங்களையே தொட்டன. நம்மவர் பலர் வேலை செய்வதும், நம்மவர் சிலர் நடத்துவதும் அந்த எண்ணிக்கைக்கு உட்படாத சிறு இடங்களே. தமிழகத்தைப் பொறுத்தவரை, கடைகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் 1947ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. ஓராண்டு பணி முடித்தவருக்கு ஆண்டுக்கு 12 நாள் ஊதிய விடுமுறையை அது வகுத்தது. அதனோடு, நோய்க்காக 12 நாளும், தகுந்த காரணத்துக்காகத் தற்செயல் விடுப்பாக 12 நாளும் தனியே வகுத்தது. சட்டம் இருந்தும் பதிவேடு இல்லாத கடைகள் எத்தனை!

ஆகவே, பிறரிடம் பணிபுரியும் இளைஞர்கள் முதலில் தம் உரிமையின் அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேலையில் சேர்ந்த நாளைக் குறித்து வையுங்கள். விடுப்பை வாய்மொழியாகக் கேளாமல் எழுத்தில் கேளுங்கள். எழுத்தறிவு நமக்கு வந்தது கடிதம் படிக்க மட்டுமன்று. நம் நாட்களைக் கணக்கிடவும் ஆகும். அவ்வாறே, சொல்லாமல் நின்றுவிட்டு உடன் பணிபுரிபவன் தலைமேல் சுமையேற்றுவதும் தகாது என்பதை உணருங்கள். முறையாகக் கேட்பவனுக்கே முறை பேசும் உரிமை உண்டு.

தொழில் நடத்தும் உறுப்பினர்களுக்கு ஒருசொல். நான்கு பேர் வேலை செய்யும் பட்டறையில் விடுப்பு கொடுத்தால் தொழில் நின்றுவிடும் என்று அஞ்சவேண்டா. கணக்கிட்டுப் பாருங்கள். 20 நாளுக்கு ஒருநாள் என்றால் கூலியில் நூற்றுக்கு 5 பங்கு. பொருளின் விலையைக் கணிக்கும்போதே இந்த 5 பங்கையும் செலவாகச் சேர்த்துக்கொண்டால், விடுப்பு கேட்கும் நாளில் முகம் சுளிக்க நேராது. ஒரு சாதாரண நோட்டுப் புத்தகமே போதும். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். சேர்ந்த நாள், வேலை செய்த நாட்கள், சேர்ந்துள்ள விடுப்பு, எடுத்துக்கொண்ட விடுப்பு, மீதம் ஆகியவற்றை மாதந்தோறும் எழுதி, தொழிலாளியிடமும் காட்டிக் கையொப்பம் பெறுங்கள். பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் எல்லாரும் ஒரேநாளில் கேட்பார்கள். ஆதலின் ஒருமாதம் முன்னதாகவே உட்கார்ந்து பேசி முறைவைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வேலையை மற்றொருவரும் கற்றிருக்கும்படி செய்யுங்கள். மறுக்க நேர்ந்தால் காரணத்தையும், பிறகு எந்நாளில் தரமுடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒருவர் வேலையை விட்டுச் செல்லும்போது மீதமுள்ள விடுப்புக்குரிய தொகையைக் கூலியோடு சேர்த்துக் கையில் கொடுங்கள்.

சொந்தக்காரன்தானே, நம் தெருப் பையன்தானே என்று கருதி, நேரமும் கணக்கும் இல்லாமல் வேலை வாங்குவது நம்மவரிடையேயும் காணப்படும் குறையாகும். அன்பின் பெயரால் வாங்கினாலும், கணக்கில்லாத உழைப்பு வதன் ஊழியத்தின் தம்பியே. இரவும் பகலும் அழைத்த குரலுக்கு ஓடிய நம் முன்னோரின் துயரத்தை நாம் இன்னொருவன் மேல் ஏற்றலாகாது.

அண்ணலின் படத்துக்கு மாலை சூட்டாத நம் கடைகள் இல்லை. அப்படத்தின் கீழே உள்ள மேசையில் ஒழுங்காக எழுதிய விடுப்புப் பதிவேடு ஒன்றும் இருக்குமாயின், அம்மாலை அவருக்கு உரிய மாலையாகும்.